கூடிக் கொடுக்கும் அழகிய கடன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

வானங்களும் பூமியும் எவனுக்குச் சொந்தமோ அந்த வல்ல நாயன், தன் அடியார்களைப் பார்த்து, அல்லாஹ்வுக்கு அழகிய கடன் கொடுப்பவர் யார் என்று திருமறையில் கேட்கிறான். ஓரிடத்தில் மட்டுமல்ல, அல்பகரா அத்தியாயத்திலும் (2:245), அல்ஹதீத் அத்தியாயத்திலும் (57:11) இதே கேள்வி வருகிறது. கொடுத்ததைப் பன்மடங்காக்கித் தருவதாகவும் அவனே வாக்களிக்கிறான். எந்தத் தேவையும் இல்லாதவன் கடன் என்ற சொல்லை ஏன் எடுத்தான்? கொடுத்தது வீண்போகாது, திரும்பியே தீரும் என்ற உறுதியை நம் உள்ளத்தில் ஊன்றுவதற்காகவே என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள்.

இவ்வசனங்களில் வரும் ‘கர்ளு ஹஸன்’ என்பது முதலாவதாக இறைவழியில் செலவிடுவதையே குறிக்கும். ஆயினும், மனிதர்களுக்கிடையே ஒரு காசும் கூடுதலாக எதிர்பாராமல் கொடுக்கப்படும் கடனுக்கும் நம் முன்னோர் அதே பெயரைச் சூட்டினார்கள். பெயர் மிகப் பெரியது. ஆனால் அந்தப் பெயருக்குரிய செயல் நம் மஹல்லாக்களில் எவ்வளவு நடக்கிறது? திருமணத்திற்கு உதவி கேட்டால் கொடுக்கிறோம், மருத்துவத்திற்குக் கேட்டால் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஒரு குடும்பம், நாங்கள் உழைத்துப் பிழைக்கிறோம், கொஞ்சம் கடன் கொடுங்கள், திருப்பித் தருகிறோம் என்று கேட்டால் மட்டும் நமது கை பின்வாங்குகிறது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது இந்த ஒரு விஷயமே: ஒரு வேளாண் குடும்பம் சிறு தொழில் ஒன்றைத் தொடங்குவதற்காக, பலர் ஒன்று சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, வட்டியில்லாச் சிறு கடன் ஒன்றைத் திரட்டிக் கொடுப்பது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உள்ள குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கணவன், மனைவி, வயதான தாய், படிக்கும் பிள்ளைகள் இருவர். நிலம் மட்டும் சோறு போடவில்லை. வெள்ளாடு வளர்க்கலாம் என்று நினைக்கிறார்கள். கொட்டகை போடவும், பெட்டை ஆடுகள் வாங்கவும், தடுப்பூசிக்கும் சேர்த்து 60,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் கண்ணுக்கு அவர்கள் நிலமுள்ளவர்கள். கையிலோ காசு இல்லை. கேட்கவும் நாக்கு எழவில்லை. தன்மானத்தால் வாய் திறவாதவர்களை, நிலை அறியாதவன் செல்வந்தர் என்றே எண்ணுவான் என்று திருமறை (2:273) சுட்டிக்காட்டுவது இப்படிப்பட்டவர்களையும் நம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டாமா?

பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கிறது. ஆகவே வங்கியில் காரியம் இழுபடுகிறது. வங்கிக் கடன் கிடைத்தாலும் அதில் வட்டி இருக்கிறது. வீட்டிலிருந்த நகை முன்பே அடகுக்குப் போய்விட்டது. மீதமிருப்பது வட்டிக்காரர் வாசல். மாதம் நூற்றுக்குப் பத்து என்று அவர் சொன்னால், 60,000 ரூபாய்க்கு மாதம் 6,000 ரூபாய். ஓராண்டில் 72,000 ரூபாய் வட்டியாகவே போகும். வாங்கிய அசல் அப்படியே நிற்கும்.

இப்போது ஆட்டின் கணக்கைப் பாருங்கள். வெள்ளாடு சினை பிடித்தால் ஈன ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். ஈன்ற குட்டி விலைபோகும் அளவுக்கு வளர மேலும் பல மாதங்கள். முதல் குட்டி சந்தைக்குப் போவதற்கே ஓராண்டுக்கு மேல் சென்றுவிடும். ஆடு குட்டி போடுமுன் பணம் குட்டி போட்டுவிடுகிறது! குட்டி விற்ற பணம் வட்டிக்குப் போகிறது. பிறகு தாய் ஆடே போகிறது. கடைசியில் நிலமும் போகிறது. அல்லாஹ் வட்டியை அழிக்கிறான், தர்மங்களை வளர்க்கிறான் (2:276) என்பதற்கு விளக்கம் தேடி நாம் பெரிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நம் கிராமங்களில் நடப்பதைப் பார்த்தாலே போதும்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வட்டிக்காரரின் கையைப் பிடிக்கலாம். ஆனால் கடன் கேட்பவரின் கையில் அது பணத்தை வைக்காது. அதைச் செய்ய வேண்டியவர்கள் யார்? அண்டை வீட்டாரும், மஹல்லாவாசிகளும், உறவினருமாகிய நாம்தான்.

60 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் 60,000 ரூபாய் ஆகிவிடுகிறது. அந்த அறுபது பேரில் எவருடைய அடுப்பும் அதனால் அணைந்துவிடாது. ஒரு குடும்பமோ ஹராமின் வாசலிலிருந்து திரும்பிவிடுகிறது.

முந்நூறு கன்றுகள்

இது புதுமையான ஏற்பாடு என்று சிலர் எண்ணலாம். நாயகம் (ஸல்) அவர்களின் மதீனாவுக்குச் சென்று பார்ப்போம்.

ஹளரத் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் சத்தியத்தைத் தேடி அலைந்து, வஞ்சிக்கப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, மதீனாவில் ஒரு யஹூதியின் தோட்டத்தில் வேலை செய்துவந்தார்கள். அடிமைத்தளையின் காரணமாக பத்ரிலும் உஹதிலும் கலந்துகொள்ளும் வாய்ப்பே அவர்களுக்குக் கிட்டவில்லை. எஜமானிடம் விடுதலை ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எஜமான் விதித்த விலை சாதாரணமானதல்ல: 300 பேரீத்தங்கன்றுகளை நட்டுத் தர வேண்டும், அதோடு 40 ஊக்கியா எடையும் தர வேண்டும்.

அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? மதீனாவில் வசதி படைத்த தோழர்கள் இல்லாமலில்லை. ஆனால் ஒரு செல்வந்தரை மட்டும் தனியே அழைத்துச் சுமையை அவர் தலையில் ஏற்றவில்லை. உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று தோழர்கள் அனைவரையும் பார்த்துச் சொன்னார்கள். ஒருவர் 30 கன்றுகளோடு வந்தார். மற்றொருவர் 20 கொண்டுவந்தார். இன்னொருவர் 15, வேறொருவர் 10. ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்த அளவுக்குக் கொடுத்தார்கள். முந்நூறும் சேர்ந்துவிட்டன. ஸல்மான் (ரலி) அவர்கள் குழி தோண்டினார்கள். தோழர்களும் உடன் தோண்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் கன்றுகளை ஊன்றினார்கள். அவற்றில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். முஸ்னது அஹ்மதிலும் ஸீரத் நூல்களிலும் வரும் நீண்ட செய்தி இது.

அன்று தோழர்கள் கொடுத்தது நன்கொடை. நாம் பேசுவது கடன். இந்த வேறுபாட்டை மறக்கலாகாது. ஆனால் வழிமுறை ஒன்றே. தேவையை ஒருவர் அறிவிக்கிறார். பலர் சிறுகச் சிறுகச் சேர்க்கிறார்கள். பயன் பெறுபவர் கைகட்டி நிற்கவில்லை, குழி தோண்டுகிறார். பொறுப்பை ஏற்ற தலைவர் இறுதி வரை உடன் நிற்கிறார். பத்துக் கன்று கொடுத்தவரை, முப்பது கொடுக்கவில்லையே என்று யாரும் குறை சொல்லவில்லை.

அஷ்அரீ குலத்தாரைப் பற்றி புகாரி ஷரீபில் வரும் செய்தியையும் நினைவுகூர்வோம். பயணத்தில் உணவு குறைந்துவிட்டால், ஒவ்வொருவரும் தம்மிடமுள்ளதைக் கொண்டுவந்து ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்களாம். அவர்கள் என்னைச் சார்ந்தவர்கள், நான் அவர்களைச் சார்ந்தவன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். இதைவிடப் பெரிய நற்சான்று ஒரு கூட்டத்தாருக்கு வேறென்ன வேண்டும்?

தர்மமா, கடனா?

கொடுப்பதென்று ஆன பின் தர்மமாகவே கொடுத்துவிடலாமே, கடன் எதற்கு என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை, வாங்குபவரின் நிலையில் இருக்கிறது.

உழைக்கச் சக்தியற்றவர், அடுத்த வேளை உணவுக்கு வழியில்லாதவர் ஆகியோருக்குக் கடன் கொடுப்பது உதவியல்ல. அது தலைமேல் வைக்கும் பாரம். அவர்களுக்குரியது ஜகாத்தும் ஸதகாவும். ஆனால் நிலம் இருக்கிறது, கை இருக்கிறது, தொழில் தெரிகிறது, முதல் மட்டும் இல்லை என்பவர் கடனையே விரும்புகிறார். தர்மம் வாங்கினால் அவர் உள்ளம் குன்றுகிறது. கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் நிமிர்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. தர்மப் பணம் ஒரு வீட்டிற்குப் போனால் அதோடு முடிந்தது. கடன் பணம் திரும்பி வந்து அடுத்த வீட்டிற்குப் போகும். இன்று ஆடு வாங்க உதவிய 60,000 ரூபாய், ஒன்றரை ஆண்டு கழித்து வேறொரு குடும்பத்தின் கறவை மாடாகும். அதன் பின் மற்றொரு குடும்பத்தின் நீர் இறைக்கும் மோட்டாராகும். கொடுத்தவர் கொடுத்தது ஒரு முறை. பயனோ பல முறை.

ஒரு முஸ்லிமுக்கு இரண்டு முறை கடன் கொடுப்பது, ஒரு முறை தர்மம் செய்வதைப் போன்றது என்ற கருத்தில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு ஹதீது இப்னுமாஜாவில் பதிவாகியுள்ளது. தர்மத்திற்குப் பத்து மடங்கும் கடனுக்குப் பதினெட்டு மடங்கும் நற்கூலி என்று சுவனத்தின் வாசலில் எழுதப்பட்டிருந்ததாக வரும் அறிவிப்பையும் நம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீது கலை அறிஞர்கள் கூறியிருப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு இல்லாவிட்டாலும் கடனின் சிறப்புக்குக் குறைவில்லை. ஒரு முஃமினின் உலகத் துன்பம் ஒன்றை நீக்கியவருக்கு, மறுமையின் துன்பம் ஒன்றை அல்லாஹ் நீக்குவான் என்ற முஸ்லிம் ஷரீபின் ஹதீது ஒன்றே போதுமானது.

வைக்கோல் கட்டும் வட்டியே

இனி எச்சரிக்கையான இடத்திற்கு வருகிறோம். அழகிய கடன் அழகு கெடாமலிருக்க வேண்டுமானால் அதன்மேல் ஒரு துரும்பும் ஏறக்கூடாது.

ஹளரத் அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்களிடம் அபூபுர்தா என்ற தாபியீ வந்தார். வட்டி பரவியிருக்கும் நாட்டில் நீர் வசிக்கிறீர் என்று அவரை எச்சரித்த ஸஹாபி அவர்கள், உமக்குக் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலையோ, வாற்கோதுமையையோ, கால்நடைத் தீவனத்தையோ அன்பளிப்பாகக் கொண்டுவந்தாலும் வாங்காதீர், அதுவும் வட்டியே என்ற கருத்தில் உபதேசித்தார்கள். புகாரி ஷரீபில் இது உள்ளது.

எவ்வளவு நுட்பமான பார்வை பாருங்கள்! வைக்கோலும் தீவனமும் வேளாண் வீட்டில் கிடைக்கும் பொருட்கள். வெள்ளிக் காசாக வரும் வட்டியை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். வைக்கோல் கட்டாக வரும் வட்டியை யார் கண்டுகொள்வார்? நம் ஊர்களில் இது எந்த உருவத்தில் வருகிறது? கடன் கொடுத்தவர் வீட்டுக்குத் தினம் அரைப்படி பால் சும்மா போகிறது. தோட்டத்தில் முதலில் காய்த்த தேங்காயும் முருங்கையும் அங்கே போகின்றன. குர்பானிக்கு ஆடு வேண்டும், நம்மிடம்தானே கடன் வாங்கினீர்கள், விலையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு பேச்சு வருகிறது. கடனோடு சேர்த்து நிபந்தனையாகப் பேசிக்கொண்ட எந்தப் பயனும் வட்டியே என்பதில் நான்கு மத்ஹபு இமாம்களிடமும் கருத்து வேறுபாடு இல்லை. வாய்விட்டுப் பேசாவிட்டாலும், கடனின் காரணமாகவே வருகிறதென்று தெரிந்தால், பேணுதல் உள்ளவர் விலகிக்கொள்வார். கடனுக்கு முன்பே கொடுக்கல் வாங்கல் பழக்கமுள்ள அண்டை வீட்டாரின் அன்பளிப்பு வேறு.

நல்ல கேள்வி ஒன்றும் இங்கே எழும். கடனைத் தீர்க்கும்போது, வாங்கியவர் தாமாகவே விரும்பிச் சற்று மேலானதைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் இளம் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி, அதைவிடச் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். அழகிய முறையில் கடனைத் தீர்ப்பவரே மக்களில் சிறந்தவர் என்றும் கூறினார்கள். இது கொடுப்பவரின் பெருந்தன்மை. கடன் தந்தவர் இதை எதிர்பார்த்துக் காத்திருந்தால் அது வேறாகிவிடும்.

பொருளுக்குச் சொன்னது மரியாதைக்கும் பொருந்தும். 60 பேரிடம் கடன்பட்டவர் 60 பேருக்கு அடிமையாகிவிடவில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் உங்கள் தர்மங்களைப் பாழாக்காதீர்கள் என்று அல்லாஹ் தடுக்கிறான் (2:264). தேநீர்க் கடையில் உட்கார்ந்து, நாம் கொடுத்த ஆயிரம்தான் அந்த வீட்டு ஆடு என்று பேசுபவர், தம் நன்மையைத் தாமே அந்தக் கடையில் விட்டுவிட்டு வருகிறார். கடன் திரட்டும்போது குடும்பத்தின் படத்தையும், பெண்களின் கண்ணீரையும், வீட்டின் ஓட்டையையும் கைபேசி வழியே ஊரெங்கும் அனுப்புவதும் முறையன்று. தொழில் என்ன, தொகை எவ்வளவு, தவணை எப்படி, பொறுப்பாளர் யார் என்ற நான்கையும் சொன்னால் போதும். பெயரைக் கேட்க வேண்டியவர் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அறுவடையைப் பார்த்துத் தவணை

உஹதில் ஷஹீதான அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் பெருங்கடனை விட்டுச் சென்றார்கள். கடனும் பேரீத்தந் தோட்டமும் மகனார் ஜாபிர் (ரலி) அவர்களின் பொறுப்பில் வந்தன. கடன் கொடுத்தவர்களில் ஒரு யஹூதிக்கு மட்டும் 30 வஸக் பேரீத்தம்பழம் தர வேண்டியிருந்தது. அவகாசம் கேட்டார்கள், அவர் மறுத்தார். நாயகம் (ஸல்) அவர்களே நேரில் சென்று பரிந்து பேசியும் அவர் இணங்கவில்லை. பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் தோட்டத்தில் நுழைந்து மரங்களிடையே நடந்தார்கள். பழத்தைப் பறித்து அவருடைய கடனை நிறைவாகக் கொடுத்துவிடுமாறு கூறினார்கள். முப்பது வஸக்கும் கொடுத்து முடித்த பிறகு 17 வஸக் மீதமிருந்ததாக புகாரி ஷரீபில் காண்கிறோம்.

ஒரு வேளாண் குடும்பத்தின் கடன் வரலாறு இது. முஃஜிஸாவைக் கண்டு வியக்கும் நாம், அதற்கு முன் நடந்ததையும் கவனிக்க வேண்டும். தோட்டத்துக் கடனுக்கு அவகாசம் கேட்டு அல்லாஹ்வின் தூதரே ஒருவர் வாசலுக்குச் சென்றார்கள். இன்று அத்தகைய கடனாளி நம் வாசலில் நின்றால், நாம் அந்த மறுத்தவரைப் போல இருக்கப் போகிறோமா?

கடனாளி சிரமத்திலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும். அதை அவருக்கே விட்டுக்கொடுத்துவிடுவது இன்னும் மேலானது என்று திருமறை (2:280) கட்டளையிடுகிறது. அவகாசம் கொடுப்பது நம் பெருந்தன்மையல்ல. உண்மையாகவே இயலாதவருக்கு அது கடமை. தள்ளுபடி செய்வதுதான் பெருந்தன்மை.

ஆகவே வேளாண் கடனுக்குத் தவணை வகுக்கும்போது நாட்காட்டியைப் பார்க்கக் கூடாது. வயலைப் பார்க்க வேண்டும். சம்பா நெல்லுக்கு ஐந்து மாதம் வேண்டும். வாழை தார் தள்ளி வெட்டுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு. வெள்ளாட்டுக்கு ஓராண்டுக்கு மேல். இவர்களிடம் கடன் கொடுத்த மறுவாரமே தவணை கேட்டால், அவர்கள் எங்கிருந்து கொடுப்பார்கள்? ஒரு கடனை அடைக்க வேறொரு கடன் வாங்குவார்கள், அதுவும் வட்டிக்கு. நாம் தடுக்கப் புறப்பட்டது எதுவோ அதிலேயே அவர்களைத் தள்ளியவர்களாவோம். கறவை மாட்டுக்கு மட்டும், பால் கறக்கத் தொடங்கிய மாதத்திலிருந்து மாதத் தவணை பொருந்தும்.

இயற்கைச் சேதத்திற்கும் முன்கூட்டியே வழி வைக்க வேண்டும். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. தென்னை நட்டுக் காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் கடனாளியின் வீட்டுக் கதவைத் தட்டுபவர், தவணை கேட்கப் போகக்கூடாது. நலம் விசாரிக்கப் போக வேண்டும். தவணை தவறியதற்கு அபராதம் என்று ஒரு ரூபாய் சேர்த்தாலும், அது அறியாமைக் காலத்து வட்டியின் அதே வடிவம்தான். தவணையைக் கூட்டு, தொகையையும் கூட்டு என்பதுதானே அவர்களுடைய வழக்கம்!

எழுதி வையுங்கள்

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதுவதில் சோர்வடையாதீர்கள் என்கிறது அந்த வசனம். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும். நம்பிக்கை இருக்கும்போது எழுத்து எதற்கு என்பது நம்மிடையே உள்ள வழக்கு. நம்பிக்கை நிலைத்திருப்பதற்காகவே எழுத்து.

பலர் கூடிக் கொடுக்கும் கடனில் இது இன்னும் அவசியம். கொடுத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் தொகைக்குக் கடன் கொடுத்தவர். மஹல்லாவில் நம்பிக்கைக்குரிய மூவர் அவர்கள் சார்பில் வக்கீல்களாக இருந்து பணத்தைத் திரட்டி, குடும்பத்திடம் சேர்த்து, தவணைகளை வாங்கிப் பகிர்ந்தளிக்கலாம். அந்தப் பணம் அவர்கள் கையில் அமானிதம். பள்ளிவாசல் வக்ஃபுப் பணத்தோடும் ஜகாத் பணத்தோடும் அதைக் கலக்கக் கூடாது. யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்ற பட்டியல் கடனாளியிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும். ஏன்? அவர் இறந்துவிட்டால் வாரிசுகள் யாருக்குத் தர வேண்டுமென்று தெரியாமல் திகைக்கக் கூடாது.

கொடுப்பவருக்கும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இதில் லாபம் வராது, போட்ட ஆயிரம் ஆயிரமாகவே வரும், காலம் தாழவும் கூடும். லாபம் விரும்புபவர் கடன் கொடுக்கக் கூடாது. முளாரபா, முஷாரகா என்ற கூட்டு வணிக வழிகள் ஷரீஅத்தில் இருக்கின்றன. அவற்றில் லாபத்தில் பங்கு வேண்டுமானால் நஷ்டத்தையும் தாங்க வேண்டும். லாபம் மட்டும் எனக்கு, நஷ்டம் உனக்கு என்பது எந்த மத்ஹபிலும் இல்லை. எழுத்துச் செலவு, போக்குவரத்துச் செலவு என்று உண்மையாக ஆனதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவையும், உண்மைச் செலவைத் தாண்டி வாங்குவது வட்டி என்றே தீர்மானித்தது.

நாட்டுச் சட்டத்தையும் மறக்கலாகாது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 2019-ல் இந்தியாவில் வந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு தொடங்கியதே வழக்கில் சிக்கிவிடாதபடி, பொதுமக்களிடம் பணம் திரட்டத் தொடங்குமுன் சட்டம் அறிந்தவரைக் கலந்துகொள்வது அறிவுடைமை. ஹலாலான வருவாய், லாபம் நிச்சயம் என்று ஆசைகாட்டி மார்க்கத்தின் பெயரால் பணம் வாங்கி ஏமாற்றுபவர்கள் இருக்கும் காலம் இது. லாபம் வரும் என்று சொல்லித் திரட்டினால் அது அழகிய கடனே அல்ல என்பதை மக்கள் புரிந்துகொண்டாலே பாதி ஏமாற்று ஒழிந்துவிடும்.

உலகில் நடப்பவை

இப்படிப் பலர் கூடிச் சிறு கடன் கொடுப்பது இன்று உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2005-ல் தொடங்கப்பட்ட ‘கிவா’ என்ற நிறுவனத்தின் மூலம், ஒருவர் 25 டாலர் அளவிலான சிறு தொகையை எங்கோ இருக்கும் உழவருக்கோ கடைக்காரருக்கோ கடனாகக் கொடுக்க முடிகிறது. கொடுத்தவருக்கு வட்டி வருவதில்லை. ஆனால் பல நாடுகளில் அப்பணத்தைக் குடும்பங்களிடம் சேர்க்கும் உள்ளூர் நிறுவனங்கள் கடனாளியிடம் வட்டி வாங்குகின்றன. நமக்கு வட்டி வரவில்லை என்பதோடு ஒரு முஸ்லிமின் பேணுதல் முடிந்துவிடாது. கடனாளியிடம் யாரும் வட்டி வாங்குகிறார்களா என்பதையும் கேட்டறிந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பாகிஸ்தானின் லாகூரில் 2001-ல் தொடங்கிய ‘அகுவ்வத்’ என்ற அமைப்பு வேறு வழியில் சென்றது. ஒரு பெண்மணிக்குக் கொடுத்த 10,000 ரூபாய் வட்டியில்லாக் கடனோடு அது தொடங்கியது. பள்ளிவாசலில் வைத்தே கடன் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டது. நாளடைவில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது வளர்ந்தது. அதன் நிறுவனர் டாக்டர் அம்ஜத் ஸாகிபுக்கு 2021-ல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது. அதன் பெயரே சகோதரத்துவம் என்ற பொருள் தருவது. மதீனாவில் முஹாஜிர்களும் அன்ஸார்களும் கொண்ட உறவை மனதில் வைத்து இட்ட பெயர். பெரிய முதலோடு தொடங்கியதல்ல. ஒரு கடனோடு தொடங்கியது என்பதுதான் நமக்குப் பாடம்.

வாங்கும் சகோதரருக்கு

இதுவரை கொடுப்பவரிடம் பேசினோம். வாங்குபவரிடமும் சில வார்த்தைகள்.

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவருக்குக் கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். மூன்று தீனார் உண்டு என்றார்கள். எதையும் விட்டுச் செல்லவில்லை என்றும் தெரிந்தது. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று கூறிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். மூன்று தீனார்! நாம் வாங்குவதோ பலருடைய பணம். இது யாரோ போட்ட பொதுப்பணம், ஆயிரம் ரூபாய்தானே, அவர் கேட்கமாட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவருடைய உரிமை என்றால் மறுமையில் ஒருவர் வந்து நிற்பார். 60 பேருடைய உரிமை என்றால் 60 பேர் வந்து நிற்பார்கள்.

திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு வாங்குபவருக்காக அல்லாஹ்வே அதை நிறைவேற்றித் தருவான். அழிக்கும் எண்ணத்தோடு வாங்குபவரை அல்லாஹ் அழித்துவிடுவான் என்பது புகாரி ஷரீபில் வரும் ஹதீதின் கருத்து. ஆடு வாங்கப் பெற்ற பணத்தில் ஆடுதான் வாங்க வேண்டும். வீட்டு விசேஷத்திற்குத் திருப்பிவிடக் கூடாது. நோய் வந்து ஆடு இறந்தால் மறைக்காமல் உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். கையில் பணம் வந்தபின் இழுத்தடிப்பது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். இல்லாதபோது அவகாசம் கேட்பது வெட்கமல்ல. இருக்கும்போது ஒளிவதுதான் வெட்கம்.

ஜகாத் பற்றி

இரண்டு ஐயங்கள் அடிக்கடி கேட்கப்படுகின்றன. கடனாகக் கொடுத்த பணத்திற்கு ஜகாத் உண்டா? திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியுள்ள கடன் நம் பொருளே. நிஸாபு நிறைந்தவர் அதற்கும் ஜகாத் கணக்கிட வேண்டும். எப்போது கொடுப்பது என்பதில் ஹனபீ, ஷாபியீ மத்ஹபுகளுக்கிடையே விவர வேறுபாடு இருப்பதால் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும். கடனாளி கொடுக்க இயலாமல் போனால், அந்தத் தொகையை நம் ஜகாத்தாகக் கழித்துக்கொள்ளலாமா? பெரும்பாலான இமாம்களிடம் இது கூடாது. ஜகாத் என்பது ஏழையின் கையில் சேர்ப்பிப்பது. கடன்பட்டுத் தவிப்பவர் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் ஒருவர் (9:60) என்பதால், தகுதியிருந்தால் அவருக்குத் தனியே ஜகாத்தை உரிமையாக்கிக் கொடுக்கலாம். அவர் அதைக் கொண்டு தம் கடனைத் தீர்ப்பது அவர் விருப்பம். அதை நிபந்தனையாக விதிக்கலாகாது.

அன்புச் சகோதரர்களே! ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையும் மனிதனும் கால்நடையும் உண்பது அவருக்குத் தர்மமாகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். நட்டவருக்கு இவ்வளவு கூலி என்றால், நடுவதற்குக் கன்று கொடுத்தவரை அல்லாஹ் வெறுங்கையோடு விட்டுவிடுவானா?

பெரிய திட்டம் வேண்டாம். உங்கள் மஹல்லாவில் உழைக்கத் தெரிந்த ஒரு குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள். அது முஸ்லிம் குடும்பமாயினும் சரி, அண்டை வீட்டு மாற்று மதக் குடும்பமாயினும் சரி. அண்டை வீட்டாருக்குள்ள உரிமை எல்லோருக்கும் பொது. இஷாவுக்குப் பின் நம்பிக்கையான பத்துப் பேர் உட்காருங்கள். ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்த்தால் அறுபது பேராகிவிடும். எழுதுங்கள், சாட்சி வையுங்கள், கொடுங்கள். பிறகு அறுவடை வரை பொறுத்திருங்கள்.

வட்டியின் வாசலை நம் சமுதாயத்திற்கு மூடி, அழகிய கடனின் வாசலைத் திறந்துவைக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! கடன்பட்டோரின் சுமையை இறக்கி, அவர்களது நிலத்திலும் கால்நடையிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.